மட்டைக்காரரை வெட்டிவிட்டார்கள்

படத்தை வெட்டினால் எனக்கு ரத்தம் கொதிக்கும். அதுவும் பழைய விமானந்தாங்கிக் கப்பல் படம் என்றால் கேட்கவே வேண்டாம். ஒரகடத்தில் எங்கள் தொழிற்சாலையில் பாதுகாப்பு வாரம் என்று ஒன்று கொண்டாடினார்கள். அப்போது பயிற்சிக் கூடத்தில் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. "எழுதித் தொலை. இல்லேன்னா தினமும் என்கிட்டதான் கத்துவே" என்கிறார் வீட்டுக்காரர். அதனால் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் படங்களைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் என் கோபம் கிறுக்குத்தனமாகத் தெரியும். ஏற்கெனவே அலுவலகத்தில் பாதிப் பேர், "பொம்பளைக்கு எதுக்கு மேடம் போர்க்கப்பல் படம்?" என்று கேட்டுவிட்டார்கள். ஆம்பளைக்கு மட்டும் எதற்காம்? கேட்ட ஒருவனும் கடற்படையில் வேலை பார்த்தவனில்லை.

நான் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்து, அங்கேயே படித்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டவள். எங்கள் ஊருக்கு ரயில்கூட வராது. கடல் என்றால் சின்ன வயதில் எனக்குச் செம்பரம்பாக்கம் ஏரிதான். சென்னைக்குப் போகும்போது பஸ் ஜன்னல் வழியாக அதைப் பார்த்து, இதில் ஒரு கப்பல் நிற்குமா நிற்காதா என்று அண்ணனோடு சண்டை போடுவேன். அப்படிப்பட்ட எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம், பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த வீடியோ கேசட் கடை. கடைக்காரர் சென்னையிலிருந்து ஒரு பெட்டி நிறையப் பழைய இங்கிலீஷ் கேசட்டுகளை அள்ளிக்கொண்டு வந்துவிட்டார். எங்கள் ஊரில் அதை யார் பார்ப்பது? தூசி படிந்து கிடந்தவற்றை அண்ணனிடம், "எடுத்துக்கினு போப்பா, இடமாவது மிஞ்சும்" என்று கொடுத்துவிட்டார்.

பாதிப் படங்கள் கறுப்பு வெள்ளை. மீதியில் வண்ணம் இருந்தாலும் வெளுத்துப்போயிருக்கும். திரை முழுக்கக் கோடு கோடாக மழை பெய்யும். வசனம் எங்களுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியாது. ஆனால் கப்பலின் மேல்தளத்தில் இயந்திர இரைச்சலில் யாருக்குமே எதுவும் கேட்காது என்பதால், அங்கே எல்லாமே கையசைவுதான். இறக்கையை மடக்கு, சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கட்டையை எடு, ஓட்டு, நிறுத்து. வசனம் புரியாத எங்களுக்கு அது அப்படியே புரிந்தது. அண்ணனும் நானும் சாப்பாட்டுத் தட்டின்முன் உட்கார்ந்துகொண்டு சாம்பாரைக்கூடக் கையைக் காட்டித்தான் கேட்போம். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

அந்தப் படங்களில் குறை இல்லை என்று நான் சாதிக்க வரவில்லை. கப்பலை நெருங்கும்போது ஒரு விமானம் இருக்கும், தளத்தில் இறங்கும்போது வேறு விமானமாக இருக்கும். எங்கோ எடுத்த நிஜப் போர்க் காட்சிகளை நடுவில் ஒட்டியிருப்பார்கள். விமானிக்குப் பின்னால் ஓடும் மேகம் துணியில் ஓடுகிறது என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். எதிரி என்றால் பல்லைக் காட்டிச் சிரிப்பவன் என்று எடுத்த அசட்டுத்தனத்தை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. ஆனால் போன விமானங்கள் திரும்பும் நேரம் வந்ததும், சமையல்காரர் உள்பட எல்லோரும் மேல்தளத்துக்கு வந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். எத்தனை போயின, எத்தனை வருகின்றன என்று உதடு மட்டும் அசையும். இப்போது வரும் படங்களில் எல்லாம் பளபளவென்று இருக்கிறது, எல்லாம் வெடிக்கிறது, ஒருத்தருக்காவது அப்படி நிற்க நேரமிருக்கிறதா? எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

அண்ணனுக்கு விமானிகளைப் பிடிக்கும். எனக்குப் பிடித்தவர் வேறு. கப்பலின் பின்முனையில், இடது ஓரத்தில், ஒரு சின்ன மேடை இருக்கும். அதில் இரண்டு கைகளிலும் வண்ண மட்டைகளைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்பார். இறங்க வரும் விமானத்தைப் பார்த்து, தாழ்ந்துவிட்டாய், சாய்ந்துவிட்டாய், சரியாக வருகிறாய் என்று மட்டையாலேயே சொல்வார். சரிப்படாது என்று தோன்றினால் இரண்டு மட்டைகளையும் தலைக்குமேல் தூக்கி வீசி ஆட்டுவார். இறங்காதே, சுற்றிவிட்டு வா என்று அர்த்தம். வருவது எவ்வளவு பெரிய அதிகாரியானாலும் திரும்பித்தான் போக வேண்டும். பெட்ரோல் தீரப்போகிறது என்றாலும் போக வேண்டும். ஏன் என்று அந்த நேரத்தில் கேட்கக்கூடாது, கப்பலின் தலைவர்கூடக் கேட்கமாட்டார். விமானம் அவர்மேலேயே பாய்ந்துவிட்டால் குதிப்பதற்கு மேடைக்குப் பக்கத்தில் ஒரு வலை கட்டியிருக்கும். படத்தின் பெயர்ப் பட்டியலில் அவர் பெயர் இருக்காது. எங்கள் வீட்டில் அவருக்கு நான் வைத்த பெயர் மட்டைக்காரர். இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் ஒரு பழைய படத்தைப் போட்டால், வீட்டுக்காரர் அறைக்குள்ளிருந்தே, "உன் மட்டைக்காரர் வந்தாச்சா?" என்று கேட்பார். வந்தபிறகுதான் அவரும் வந்து உட்காருவார்.

இனி தொழிற்சாலைக்கு வருகிறேன். கார்களுக்கு பிரேக் பாகங்கள் செய்கிறோம். நான் தரப் பிரிவில் பொறியாளர். பாகங்கள் ஒரு கையிலிருந்து அடுத்த கைக்கு நகர்ந்துகொண்டே போகும் வரிசையை லைன் என்போம். ஒவ்வொரு லைனுக்கு மேலேயும் நீளமாக ஒரு மஞ்சள் கயிறு ஓடும். எதுவும் தப்பாகத் தெரிந்தால் யார் வேண்டுமானாலும் அதை இழுக்கலாம். இழுத்தால் ஒரு பொம்மைப் பாட்டு ஒலிக்கும், விளக்கு சிவக்கும், லைன் நிற்கும். "இழுக்கத் தயங்காதீர்" என்று பெரிய எழுத்தில் பலகையும் மாட்டியிருக்கிறோம். வெளிநாட்டுக்காரர்கள் வந்தால் முதலில் அந்தப் பலகையைத்தான் காட்டுவோம்.

பலகைக்குக் கீழே நடப்பது வேறு. மாதம் முழுக்க ஒருமுறைகூட நிற்காத லைனுக்கு மட்டன் பிரியாணி உண்டு. கேக் வெட்டி, தொப்பி மாட்டி, போட்டோ எடுத்து கேன்டீன் வாசலில் ஒட்டுவார்கள். இதை ஆரம்பித்த புண்ணியவான் யார் என்று தெரியவில்லை, தெரிந்தால் நேரில் போய்க் கேட்பேன். கயிற்றை இழு என்று பலகை சொல்கிறது, இழுத்தால் உன் லைனில் உள்ள அத்தனை பேருக்கும் பிரியாணி இல்லை என்று கேன்டீன் சொல்கிறது. ஜனங்கள் எதைக் கேட்பார்கள்? கயிற்றை மேலே சுருட்டி, வயர்களைக் கட்டும் பிளாஸ்டிக் கேபிள் டையால் கட்டிவிடுவார்கள். ஏன் என்றால், "தலைல இடிக்குது மேடம்" என்பார்கள். சுற்றிவரும்போதெல்லாம் அந்த டையை நான் கத்தரியால் வெட்டிவிடுவேன். அடுத்த வாரம் மறுபடி கட்டியிருக்கும். கட்டியவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அதைப் பார்த்தும் பார்க்காமல் நடந்துபோகிறார்களே, சட்டைப்பையில் பேனா குத்திய என் சக அதிகாரிகள், அவர்கள்மேல்தான் ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

அந்தக் கயிற்றை ஒரு பெண் இழுத்தாள். தென்காசிப் பக்கத்துப் பெண். டிப்ளமோ முடித்து, பயிற்சித் தொழிலாளியாக எங்களிடம் வந்து, நாலு பெண்களோடு ஒரு ஹாஸ்டல் அறையில் இருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் ஒரு பிரஸ், அதாவது பாகத்தை அழுத்தி இறுக்கும் இயந்திரம். கையை உள்ளே விட்டால் அது தானாக நின்றுவிடும்படி முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒளித்திரை இருக்கிறது. திரை வேலை செய்கிறது என்பதற்கு ஒரு பச்சை விளக்கு எரியும். அன்றைக்கு அந்த விளக்கு விட்டுவிட்டு மினுங்கியது. பிரஸ்ஸில் நின்றவள் இவளுடைய அறைத்தோழி, கையை விட்டு விட்டு எடுத்துக்கொண்டிருந்தாள். இவள் அண்ணாந்து பார்த்தால், கயிறு எட்டாத உயரத்தில் கட்டிக் கிடக்கிறது. ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் ஏறி, கேபிள் டையோடு சேர்த்துப் பிடுங்கி இழுத்துவிட்டாள்.

மாதக் கடைசி. பிரியாணிக்குச் சொல்லியாகிவிட்டது. பராமரிப்பு ஆட்கள் வந்து பார்த்தபோது விளக்கு ஒழுங்காகப் பச்சையாக எரிந்தது. ஒன்றுமில்லை, சும்மா இழுத்துவிட்டாள் என்று சொல்லிவிட்டு லைனை ஓட்டினார்கள். பிரியாணி ரத்து.

அதற்கப்புறம் அந்த லைனில் ஒருத்தர்கூட அவளோடு பேசவில்லை. பிரஸ்ஸில் கையை விட்டிருந்தாளே அந்தத் தோழி, அவளும் பேசவில்லை. இதைவிடப் பெரிய சிக்கல், அவளுடைய பயிற்சிக் காலம் அடுத்த வாரத்தோடு முடிகிறது. நீட்டிப்பார்களா, ஊருக்கு அனுப்புவார்களா என்பது லைன் சூப்பர்வைசர் சொல்வதைப் பொறுத்தது. அவரைப் பிடித்துக் கேட்டேன்.

"இன்னா மேடம், அந்தப் பொண்ணு மேல எனக்கு இன்னா காண்டா?" என்றார். "லைன் நின்னா மேலருந்து ஃபோன் எனக்குத்தான் வருது. லைன்ல ஒருத்தனும் அது மூஞ்சியப் பாக்க மாட்டேன்றான். இத்த வெச்சிக்கினு எப்படி மேடம் ஓட்றது? நீங்களே சொல்லுங்க."

அந்த மனிதரைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பெண்ணைக் கேன்டீனில் பார்த்தேன். தூணோரம் தனியாக உட்கார்ந்து தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"ரூம்ல யாரும் பேச மாட்டுக்காங்க மேடம். தப்பாப் பாத்துட்டேன், மன்னிச்சிருங்கன்னு எல்லார் முன்னாடியும் ஒரு வார்த்தை சொன்னா விட்ருவாங்கன்னு சொல்லுதாங்க. ஆனா நான் கண்ணால பாத்தேம்லா மேடம்? எப்படிப் பாக்கலன்னு சொல்ல?"

அந்த வாரம் பார்த்துத்தான் மனிதவளப் பிரிவில் பயிற்சிக்குப் பொறுப்பான அதிகாரி என் இடத்துக்கு வந்தார். கோவையிலிருந்து வந்த சின்ன வயதுக்காரர், எப்போதும் சிரித்த முகம்.

"மேடம், நீங்க அந்த ஷிப் படமெல்லாம் நிறைய பாப்பீங்களாமே. சேஃப்டி வீக்குக்கு டீம் ஒர்க் பத்தி ஒரு கிளிப் வேணும். அஞ்சாறு நிமிஷம் போதும்."

நான் உச்சி குளிர்ந்துபோனேன். இத்தனை வருஷமாகக் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்த பைத்தியத்துக்கு ஒரு வேலை வந்துவிட்டது. எந்தக் காட்சி என்று யோசிக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டுக்காரரும் நானும் உட்கார்ந்து, கேசட் காலத்துப் படத்தைக் கணினியில் தேடிப்பிடித்து, அந்த இடத்தை மட்டும் எடுத்தோம். புயல். கப்பல் ஏறி இறங்குகிறது. ஒரு விமானம் இறங்க வருகிறது. மட்டைக்காரர் பார்க்கிறார், மட்டைகளைத் தலைக்குமேல் ஆட்டுகிறார். விமானம் உறுமிக்கொண்டு தளத்தை உரசாத குறையாக மேலேறிப் போகிறது. எல்லோரும் மழையில் நின்று காத்திருக்கிறார்கள். மறுபடி வருகிறது, இறங்குகிறது. விமானி இறங்கி வந்து, மட்டைக்காரரை ஒரு முறை முறைத்துவிட்டு, அவர் கையிலிருந்த காப்பியை வாங்கிக் குடிக்கிறார். அவ்வளவுதான் காட்சி. "வசனமே தேவையில்ல, சத்தத்தைக் குறைச்சுடு" என்றார் வீட்டுக்காரர். யாரைத் திருப்பி அனுப்பினாலும் மட்டைக்காரரை அங்கே யாரும் தண்டிப்பதில்லை என்று நாலு வரி எழுதி, படத்தோடு அதிகாரிக்கு அனுப்பினேன். அந்தப் பெண்ணிடம், "முன் வரிசைல வந்து உட்காரு. உனக்காகத்தான்" என்றும் சொல்லிவைத்தேன்.

காலை ஷிஃப்ட் முடிந்து எல்லோரும் கூடத்துக்கு வந்தார்கள். வெளியே கம்பெனி பஸ்கள் வரிசையாக நின்றன. விளக்கை அணைத்தார்கள். புயல் வந்தது, கப்பல் ஏறி இறங்கியது, விமானம் வந்தது, வந்தது, இறங்கிவிட்டது. விசில் பறந்தது. மட்டைக்காரர் எங்கே? மழையில் காத்திருந்தவர்கள் எங்கே? நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்ப்பதற்குள், "தடைகள் வரலாம், நாம் நிற்கலாமா?" என்று கொட்டை எழுத்தில் ஒரு வாசகம் திரையில் வந்து நின்றது. அதிகாரி மைக்கைப் பிடித்தார்.

"பாத்தீங்களா? எவ்வளவு காத்து, எவ்வளவு மழை! யாராவது நிறுத்துனாங்களா? இல்ல! அதான் டீம்!"

கூடத்தில் பாதித் தலைகள் முன் வரிசைப் பக்கம் திரும்பின. அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லித்தான் அங்கே வந்து உட்கார்ந்திருந்தாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எழுந்து நின்று கத்தினேன்.

"நிறுத்தினாங்க! அங்க ஒருத்தர் நிறுத்தினார்! அந்த ஆள் எங்கே சார்?"

"மேடம், டைம் கம்மி, அதான் லைட்டா ட்ரிம் பண்ணிட்டோம்..."

"ட்ரிம்மா? அவர் நிறுத்தலேன்னா அந்த விமானமே இல்ல சார். அத்தனை பேரும் செத்திருப்பாங்க!"

அப்படியே கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகி, இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி மட்டைக்காரர் ஆட்டுவதுபோல ஆட்டிக் காட்டினேன். வெட்டிய கதையை வாயாலேயே சொன்னேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று தொடர்ந்தேன். கதையில் விமானி காப்பி குடிக்கும் இடத்துக்கு நான் வருவதற்குள் வெளியே ஹார்ன் அடித்தது. "மேடம், பஸ்ஸு பூடும்" என்று ஒரு குரல் கெஞ்சியது. நாற்காலிகள் கரகரவென்று நகர்ந்தன. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, மறைமலை நகர் வரை போகிறவர்களுக்கு அந்த பஸ்ஸை விட்டால் வேறு கதி இல்லை. கூடம் காலியானது. அந்தப் பெண்ணும் தலையைக் குனிந்தபடி போய்விட்டாள்.

அதிகாரி இன்னும் சிரித்த முகமாகவே என்னிடம் வந்தார். "மேடம், எமோஷனலா எடுத்துக்காதீங்க. திருப்பி அனுப்புற ஸீன் கொஞ்சம் நெகட்டிவா இருந்துச்சு. மெசேஜ் பாசிட்டிவா இருக்கணும்ல?"

நெகட்டிவாம்! ஓர் உயிரைக் காப்பாற்றுவது நெகட்டிவ், கையை நசுக்கிக்கொண்டாலும் ஓடிக்கொண்டே இருப்பது பாசிட்டிவ். இந்தப் படிப்பை எந்தக் கல்லூரியில் சொல்லித்தருகிறார்களோ! கேசட்டில் பூஞ்சை பிடித்துப் படம் கெட்டுப்போனதுண்டு, அப்போது அண்ணனும் நானும் அழுதிருக்கிறோம். ஒரு மனிதன் தெரிந்தே உட்கார்ந்து, கதைக்கு உயிரான ஆளை மட்டும் பார்த்துப் பொறுக்கி எடுத்துவிட்டு, அதையே என் படம் என்று திரையில் போட்டதற்கு அழுகைகூட வரவில்லை.

மறுநாள் காலையில் ஆலைத் தலைவரின் அறைக்குப் போனேன். கதவைத் தட்டினேனா என்று நினைவில்லை. "அந்தப் பெண்ணை அனுப்பினால், அடுத்து கார் கம்பெனிக்காரர்கள் தணிக்கைக்கு வரும்போது, கேபிள் டை போட்டுக் கட்டிய கயிறு ஒவ்வொன்றையும் நானே கூட்டிப்போய்க் காட்டுவேன். அப்புறம் என்னையும் சேர்த்து அனுப்பிக்கொள்ளுங்கள்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உக்காருங்கம்மா, தண்ணி குடிங்க" என்றார். உட்காரவில்லை, தண்ணீரும் குடிக்கவில்லை.

திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் எல்லாக் கயிறுகளும் அவிழ்த்துவிடப்பட்டுத் தொங்கின. பிரியாணியை நிறுத்திவிட்டதாகக் கேன்டீனில் பேசிக்கொண்டார்கள். அந்த பிரஸ்ஸின் முன்னால் போய் நின்றேன். ஒளித்திரை புதியது. மேலே ஒட்டிவரும் பிளாஸ்டிக் தாளைக்கூட இன்னும் உரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆள் இல்லாத நேரத்தில் மாற்றியிருக்கிறார்கள். பழையதில் என்ன கோளாறு என்று பராமரிப்புப் பிரிவில் கேட்டேன். "பழசாயிடுச்சு மேடம், மாத்திட்டோம்" என்றார்கள். கோளாறு இருந்ததா இல்லையா? "பழசாயிடுச்சு மேடம்." அந்தப் பெண் சொன்னது சரிதான் என்று லைனில் நின்று ஒரு வார்த்தை சொல்ல அத்தனை பெரிய தொழிற்சாலையில் ஒரு வாய் இல்லை. நான்தான் போய்ச் சொன்னேன். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு வேலையைப் பார்த்தார்கள்.

அந்தப் பெண்ணுக்குப் பயிற்சியை நீட்டித்தார்கள். ஆனால் லைனில் அவள் இல்லை, பேக்கிங்கில் இருக்கிறாள் என்றார் சூப்பர்வைசர். எனக்கு மறுபடி சுர்ரென்று ஏறியது. ஒதுக்கிவைத்துவிட்டார்கள் பார் என்று மதியமே அங்கே போனேன். கிடங்குக்குப் பக்கத்தில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் நின்று, டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்க மேடம். நீங்க பேசினதாலதான் வச்சிருக்காங்கன்னு எல்லாரும் சொல்லுதாங்க. அம்மாட்ட ஃபோன்ல சொன்னேன், உங்களக் கும்பிட்டதாச் சொல்லச் சொன்னாங்க."

"அதெல்லாம் இருக்கட்டும். அந்த ஒளித்திரையை மாத்தியிருக்காங்க, தெரியுமா? நீ பார்த்தது சரிதான்."

"தெரியும் மேடம். நான்தான் பாத்தேனே."

"அப்புறம் எதுக்கு உன்னை இங்க தள்ளியிருக்காங்க? இப்பவே போய்க் கேட்கிறேன். உன் இடத்துக்கே போ நீ."

அவள் பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம் மேடம். யாரும் தள்ளல. நாந்தான் கேட்டு வாங்கிட்டு வந்தேன்."

பெட்டியைத் திருப்பிப் போட்டு, மூலையில் டேப்பை அழுத்தித் தேய்த்தாள். அடுத்த பெட்டியை இழுத்தாள். பிறகு, என் முகத்தைப் பார்க்காமல், எனக்கு ஆறுதல் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள்.

"இங்கன நல்லாருக்கு மேடம். ஒண்ணையும் பாக்க வேண்டாம்."